ஓய்வுபெற்ற இன்ஜினுக்குப் புதுக் கீ

எங்கள் தோட்டத்து ஆயில் இன்ஜின் வேலை பார்த்த காலத்தில் அதற்குப் பெயரில்லை. "இன்ஜின்" என்றால் அது ஒன்றுதான். இன்று அதற்கு ஒரு குடம் தண்ணீர் இறைக்கும் வேலைகூடக் கிடையாது. ஆனால் பெயர் வந்துவிட்டது, வயது ஆராய்ச்சி நடக்கிறது, ஆதியில் அடித்திருந்த பச்சை எந்தப் பச்சை என்பதில் குடும்பத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. சமீபத்தில் அதன் பிளைவீலுக்குப் புதுக் கீ போட்டோம். அந்த வைபவத்துக்கு ஆன பணத்தை அந்த நாளில் என் அப்பாவிடம் கொடுத்திருந்தால் இன்னொரு இன்ஜினே வாங்கியிருப்பார், மிச்சத்துக்கு ஒரு ஜோடி காளையும்.

ஊர் பல்லடத்துக்குத் தெற்கே. பருத்தி, சோளம், கொஞ்சம் புகையிலை. எல்லாம் கிணற்றை நம்பி. காளை பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டிக் காளைகளும் மனிதர்களும் சலித்துப் போன பிறகு, 1960-களின் கடைசியில் என் அப்பாரு, அப்பாவின் அப்பா, கோயமுத்தூர் போய் இந்த இன்ஜினை வாங்கிவந்தார். லிஸ்டர் அல்ல, "லிஸ்டர் டைப்". அந்த "டைப்" என்ற சொல்லுக்குள் ஒரு பெரிய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்து டர்ஸ்லி என்ற சிற்றூரில் லிஸ்டர் கம்பெனி 1930-ஐ ஒட்டிக் கொண்டுவந்த ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின்தான் அசல். முதலில் நிமிஷத்துக்கு 600 சுற்றில் 5 குதிரைத் திறன், பிறகு 650 சுற்றில் 6. கையால் சுற்றியே, எதையும் சூடாக்காமல் ஸ்டார்ட் செய்யலாம் என்பது அதன் பெருமை. அதற்கு முந்தைய தலைமுறை ஆயில் இன்ஜின்கள் பலவற்றுக்குத் தலையில் விளக்கு வைத்துக் காய்ச்சித்தான் எழுப்ப வேண்டும். டர்ஸ்லிக்காரர்கள் 1987 வரை இதைச் செய்தார்கள். குஜராத்தின் ராஜ்கோட்டில் இதைப் பார்த்துச் செய்யக் கற்றவர்கள் (எங்கள் இன்ஜினும் அவர்கள் கைவேலைதான்) அதன் பிறகும் நிறுத்தவில்லை. வெள்ளைக்காரன் கைவிட்ட இன்ஜினை, அவன் நாட்டு ரசிகர்களே பிற்பாடு நம்மிடம் விலைக்கு வாங்கினார்கள் என்பது தனிக் கதை.

இந்த இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பிளைவீல். ஒவ்வொன்றும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால்தான் தரையில் நகரும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் உள்ளே வெடிக்கும். மிச்ச ஒன்றரைச் சுற்றையும் இழுத்துச் செல்வது இந்தப் பாரம்தான். 650 சுற்று என்றால் நிமிஷத்துக்கு 325 வெடி. ஒவ்வொரு வெடிக்கும் ஷாப்ட் முன்னால் பாயப் பார்க்கும், பிளைவீல் "பொறு" என்று பின்னால் இழுக்கும். இந்த இழுபறிக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டு இரண்டையும் விலகாமல் பிடித்திருப்பதுதான் கீ. ஷாப்ட்டில் ஒரு காடி, பிளைவீலின் நடுத் துளையில் ஒரு காடி, இரண்டும் நேருக்கு நேர் நிற்கும்போது கிடைக்கும் சந்தில் அறைந்து இறக்கிய ஒரு இரும்புத் துண்டு. அகலம் ஷாப்ட் விட்டத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அடிமுகம் சமம், மேல்முகம் மட்டும் நூறுக்கு ஒன்று சரிவு. வெளிமுனையில் பிடித்து இழுக்க ஒரு கொண்டை. இவ்வளவுதான்.

நூறுக்கு ஒன்று என்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கீயின் மேல்முகத்தில் ஒரு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு கூடுதலாக அராவிவிட்டால், அது காடிக்குள் ஒரு முழு அங்குலம் கூடுதலாகப் போய்விடும். கொண்டை போய் பிளைவீலில் முட்டி நிற்கும். வெளியே பார்த்தால் கல் போல் இறுகிவிட்டதாகத் தோன்றும். உள்ளே மேலும் கீழும் பிடிப்பே இருக்காது. பார்வைக்கு நன்றாக இருந்து உள்ளே ஆடிக்கொண்டிருக்கும் கீக்கள் இந்த நாட்டில் எத்தனையோ.

எங்கள் இன்ஜின் 1970-களில் தட்ட ஆரம்பித்தது. டுப் டுப் என்ற அதன் இயல்பான ஓசைக்குக் கீழே ஒரு "டக்". லோடு இழுக்கும்போது அடங்கும், மெதுவாக ஓடும்போதும் நிறுத்தும்போதும் எழும். முதலில் சொன்னவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ஊரில் யார் இன்ஜின் எப்படி ஓடுகிறது என்பது அவரவர் வீட்டைவிடப் பக்கத்து வீட்டுக்கு நன்றாகத் தெரியும். அப்பா ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். அவர் காதைச் சாய்த்துக் கேட்டு, "கனெக்டிங் ராடு பேரிங் போச்சுங்க" என்றார். பேரிங் மாற்றினார், பணம் வாங்கினார், போனார். இன்ஜின் புதுப் பேரிங்கோடு முன்பு போலவே தட்டியது.

பிறகு வந்தவர் மேஸ்திரி. கோயமுத்தூரில் ஏதோ மில் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து வெளியே வந்தவர். சட்டைப் பையில் ஒரு இரும்பு ஸ்கேல், காதில் ஒரு சாக்பீஸ். அவர் இன்ஜினை ஓட்டச் சொல்லவே இல்லை. பிளைவீலின் நடுவில், ஷாப்ட்டும் வீலும் சேரும் வளையத்தில் விரலை வைத்துத் துடைத்தார். விரலில் எண்ணெயோடு கலந்த செம்மண் நிறத் தூள் வந்தது. என் கையைப் பிடித்து, கட்டை விரல் நகம் பாதி ஷாப்ட்டிலும் பாதி வீலிலும் இருக்கும்படி வைத்தார். அப்பாவிடம், "வீலை முன்னாலயும் பின்னாலயும் லேசா ஆட்டுங்க" என்றார். அப்பா ஆட்டினார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நகத்தில் மட்டும் ஒரு முடி அளவு நகர்ச்சை தெரிந்தது. இரும்பும் இரும்பும் உரசி அரைந்த துருதான் அந்தச் செந்தூள். முன்னால் வந்தவர் காதால் தேடியதை இவர் நகத்தால் பிடித்தார்.

"கீ லூசுங்க. புதுசு அடிக்கோணும்."

"எப்ப ஓட்டலாமுங்க மேஸ்திரி?"

"இரும்பு எடுத்துட்டு வந்து, அராவி, ஒக்கார வெக்க ரெண்டு நாள் ஆகுமுங்க."

"ரெண்டு நாளா? பருத்தி இன்னிக்கே வாடிட்டு நிக்குதுங்க. இன்னிக்கு ஓடோணும்."

மேஸ்திரி கொஞ்ச நேரம் பருத்தியைப் பார்த்தார். பிறகு, "அப்ப பேக்கிங் வெச்சுத் தாறேன். இது வைத்தியம் இல்லீங்க, சொல்லிப்போட்டேன்" என்றார்.

பேக்கிங் என்றால் தகரம். வீட்டில் கிடந்த மண்ணெண்ணெய் டின் ஒன்றின் மூலையை வெட்டி, கீயின் அகலத்துக்குக் கத்தரித்தார். லாரிப் பட்டையில் செய்த இரண்டு ஆப்புகளை, ஒன்றின் மெல்லிய முனை மற்றதன் தடித்த முனையோடு சேரும்படி கொண்டைக்கும் வீலுக்கும் நடுவே எதிரெதிராகச் செருகி அடித்தார். மூன்றாம் அடியில் வெடி போட்டது போல் ஒரு சத்தம், கீ வெளியே வந்தது. அதன் முதுகில் தகரத்தை வைத்து, கிரீஸ் தடவி, திரும்ப அறைந்தார். சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. தட்டல் நின்றது. "அடுத்த வாரம் ஒழுங்கா செஞ்சுக்கலாமுங்க" என்றார் அப்பா. அந்த அடுத்த வாரம் அவர் காலத்தில் வரவில்லை. தட்டல்தான் வந்தது, வருஷத்துக்கு ஒருமுறை. அப்போதெல்லாம் இன்னொரு தகரம்.

மேஸ்திரிக்கு ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு அரிசி மில்லின் பெரிய இன்ஜினுக்கு அவர் கீ போட்டதை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மில்காரர் இரண்டு நாள் பொறுக்கக்கூடியவர். நெல் மூட்டை வாடாது. மேஸ்திரி முதலில் ஷாப்ட்டின் காடியை உரசிச் சுத்தம் செய்தார். பக்கவாட்டில் கீ ஆடாமல் நழுவும்படி அகலத்தைச் சரிசெய்தார். பிறகுதான் மேல்முகத்துக்கு வந்தார். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் காடியின் மேல்பக்கம் மெல்லிசாகத் தடவி, கீயை லேசாகத் தட்டி உள்ளே விட்டு வெளியே எடுப்பார். கரி ஒட்டிய இடம்தான் முட்டும் இடம். அதை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி தட்டு. காலையில் கீயின் ஒரு முனையில் மட்டும் ஒட்டிய கரி, மாலைக்குள் நீளம் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பரவியது. அதைக் காட்டியபோது மட்டும் அவர் சிரித்தார்.

அறையும்போது இன்னொரு ஆள் ஷாப்ட்டின் மறுமுனையில் கனமான சம்மட்டியை அண்டக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியும் மெயின் பேரிங்கில் போய் இறங்கும். அடி விழ விழச் சத்தம் மாறும். முதலில் சப்பையாக, பிறகு கெட்டியாக, கடைசியில் கோயில் மணி போலக் கணீரென்று. கணீர் வந்ததும் நிறுத்தினார். கொண்டைக்கும் வீலுக்கும் நடுவே ஆப்பு நுழைய இடம் விட்டிருந்தார். நாளைக்கு எவனாவது கழற்றுவானே, அவனுக்காக.

அந்தக் கொண்டையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். வேகமாகச் சுற்றும் ஷாப்ட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. வேட்டிக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒருவர் பெல்ட்டுக்கு மெழுகு தேய்க்கக் குனிந்தபோது வேட்டி நுனியைக் கொண்டை கவ்வியது. நல்லவேளை, பழைய வேட்டி. ஒரே இழுப்பில் கிழிந்து முழுவதும் ஷாப்ட்டில் சுற்றிக்கொண்டது. ஆள் கோவணத்தோடு வரப்பில் நின்றார். ஊரே சிரித்தது. புது வேட்டியாக இருந்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டோம் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார்கள். மறுநாள் அதே கிணற்றில், அதே கொண்டைக்குப் பக்கத்தில், வேறு வேட்டியோடு அவர் நின்றார்.

இதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாததல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆம் பிரிவில் பிளைவீலுக்கு வேலி போடு என்றது. 26-ஆம் பிரிவில் சுற்றும் ஷாப்ட்டில் உள்ள ஒவ்வொரு திருகையும், போல்ட்டையும், கீயையும் உள்ளடக்கியோ மூடியோ வை என்று பெயர் சொல்லியே சொன்னது. ஓடும் இயந்திரத்துக்கு அருகே வேலை பார்ப்பவன் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அதை முதலாளியே வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று 22-ஆம் பிரிவு. ஆனால் தோட்டத்துக் கிணறு தொழிற்சாலை அல்லவே. சட்டம் மில் வாசலோடு நின்றுகொண்டது. வாசலுக்கு உள்ளே அது எவ்வளவு தூரம் போனது என்பது வேறு விஷயம்.

அந்த நாட்களை நினைத்து உருகுகிறவர்களுக்காக மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் பம்ப்பில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரியே ஃபுட் வால்வு கசிந்து இறங்கியிருக்கும். சாணியைக் கரைத்து ஊற்றி அடைத்து, குடம் குடமாகத் தண்ணீர் விட்டு நிரப்ப வேண்டும். பிறகு ஒருவர் வால்வைத் திறந்து வைக்கும் லிவரைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். வேகம் வந்ததும் லிவரை விட்டால் இன்ஜின் பிடிக்கும், அல்லது ஹேண்டில் திருப்பி அடிக்கும். மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் டீசல். கிணற்றில் நீர் மட்டம் இறங்கினால் பம்ப்பையும் கீழே இறக்க வேண்டும். மேலிருந்து உறிஞ்சும் பம்ப்புக்கு 25 அடிக்கு மேல் ஆழம் கொடுத்தால் எந்த மேஸ்திரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. நடைமுறையில் காற்றின் அழுத்தம் அவ்வளவுதான் தூக்கும். வீட்டுப் பெண்கள் துவைத்துப் போட்ட துணியில் கரி. அப்பாவுக்கு முதுகுவலி. இன்ஜினை யாரும் நேசித்ததாக நினைவில்லை. ஆயுத பூஜை அன்று மட்டும் பிளைவீலுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். அதிலும் ஒரு பயம்தான் அதிகம்.

நீலகிரியின் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது 1932 முதல். எங்கள் தோட்டத்து வரப்புக்குக் கம்பம் வர அதன் பிறகு ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. சிறு விவசாயிகளுக்கு 1984-இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-இலும் மின்சாரம் இலவசமானது. இலவசக் கரண்ட்டுக்கு முன்னால் எந்த இன்ஜின் நிற்கும்? கோயமுத்தூர் மோட்டார் வந்தது. ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் தண்ணீர். மும்முனை மின்சாரம் நள்ளிரவில்தான் வரும் என்பதால் அப்பா டார்ச்சோடு நடுநிசியில் தோட்டத்துக்கு நடக்க ஆரம்பித்தார். வேலை குறைந்தது, தூக்கம் போனது. இன்ஜின் "எதுக்கும் இருக்கட்டும்" என்று தோட்டத்துக் கொட்டகையான சாளையில் ஒதுங்கியது. அதன் மேல் சோளத்தட்டு அடுக்கினார்கள். பிறகு கிணறே வற்றி, ஆயிரம் அடி போர்வெல்லில் முழுகும் மோட்டார் இறங்கியது. அந்த ஆழத்துக்கு இன்ஜினும் பெல்ட்டும் வேடிக்கை பார்க்கத்தான் லாயக்கு. பழைய இரும்புக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து பிளைவீலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவர் கண்ணில் இன்ஜின் என்பது இரண்டு பிளைவீலும் நடுவில் கொஞ்சம் சில்லறையும்.

அதைக் காப்பாற்றியவன் என் தம்பி மகன். பெங்களூரில் இயந்திர வடிவமைப்பு மென்பொருள் எழுதுகிறான். நாள் முழுக்கத் திரையில் இயந்திரங்களைச் சுழற்றுகிறவன், கையால் ஒரு போல்ட்டைக் கழற்றியது சாளையில் இந்த இன்ஜினைப் பார்த்த பிறகுதான். "பெரியப்பா, இது எவ்வளவு அருமையான சாதனம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டான். ஹேண்டில் திருப்பி அடித்த என் மணிக்கட்டைக் காட்டினேன். அதையும் போட்டோ எடுத்துக்கொண்டான்.

சோளத்தட்டை அகற்றி, சுத்தம் செய்து, ஓட்டியும் விட்டான். தட்டியது. கீயைக் கழற்ற வேண்டும் என்று நான் சொன்னதை அவன் முதல் பாதி மட்டும் கேட்டான்; சம்மட்டி என்ற சொல் வந்ததும் முகம் சுளித்தான். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து, ஊசியால் காடிக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு வாரக்கணக்கில் ஊறவைத்தான். கொண்டையைக் கவ்வ, லேசரில் வெட்டிய ஒரு தடித்த இரும்புக் கவ்வி. அதை இழுக்க ஒரு ஹைட்ராலிக் ஜாக். வீலை இழுக்க வேண்டிய பாதையில் ஷாப்ட் முனையிலிருந்த துருவையும் பழைய பெயிண்டையும் எமரித் தாளால் பளபளவென்று தேய்த்தான். இதை மேஸ்திரி பார்த்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார். துருப் பிடித்த ஷாப்ட்டில் வீலை இழுத்துப் பாதியில் மாட்டிக்கொண்டவர்கள் அநேகம்.

கீ வந்தது. அதன் முதுகில் தகரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, தகரமா துருவா என்று பிரிக்க முடியாத ஒரு கருஞ்சிவப்பு அப்பளமாக ஒட்டிக்கொண்டிருந்தன. தம்பி மகன் அதைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதி வைத்தான். பருத்தியைக் காப்பாற்றிய தகரம், பாவம், தொல்பொருள் ஆகிவிட்டது.

அது செய்த சேதமும் தெரிந்தது. வருஷக்கணக்காக ஆடிய ஆட்டத்தில் பிளைவீலின் காடி வாய்ப்பக்கம் அகன்று, சுவர்கள் நசுங்கியிருந்தன. வார்ப்பிரும்பு கீறல் விட்டிருந்தால் வீலே போயிருக்கும், விடவில்லை. ஷாப்ட்டின் காடி பரவாயில்லை. இதற்கு வழி ஒன்றுதான். வீலின் காடியைக் கொஞ்சம் அகலப்படுத்திச் சுவரை நேராக்கி, கீழே குறுகலும் மேலே அகலமுமாகப் படி வைத்த கீ போட வேண்டும். அவன் கம்ப்யூட்டரில் வரைந்தான். முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டினான். மேஸ்திரி சாக்பீஸால் தரையில் போட்டிருக்கக்கூடிய கோடுதான், ஆனால் வண்ணத்தில்.

கோயமுத்தூர் கணபதியில் ஒரு வயர்கட் பட்டறைக்குப் போனோம். முடி போல மெல்லிய கம்பியில் மின்பொறி பாய்ச்சி இரும்பை அறுக்கும் மெஷின், தண்ணீர்த் தொட்டிக்குள் சத்தமில்லாமல் வேலை பார்க்கிறது. ஆபரேட்டர் பையன் வரைபடத்தைப் பார்த்தான்.

"ஈ.என். எட்டா சார்? எத்தனை பீஸ்?"

"ஒண்ணு."

"சாம்பிளா?"

"இல்ல, மொத்தமே ஒண்ணுதான்."

"எந்த மெஷினுக்குங்க?"

"பழைய ஆயில் இன்ஜின்."

"ஓ. பம்ப் ஓடுதுங்களா?"

"இல்லைங்க."

"ஜெனரேட்டரா?"

"இல்லைங்க."

"அப்புறம்?"

"சும்மா ஓடும்," என்றான் தம்பி மகன்.

பையன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

கீ கண்ணாடி போல வந்தது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சரியாக இருப்பதாகச் சீட்டும் கொடுத்தார்கள். காடிக்குள் விட்டால் உள்முனை மட்டும் பிடித்தது. கீ வரைபடத்தின்படி இருந்தது. பிளைவீல்தான் வரைபடத்தைப் படிக்கவில்லை. ராஜ்கோட்டில் யாரோ கையால் செதுக்கிய காடி, அதன் சரிவு நூறுக்கு ஒன்றைவிட ஒரு சிட்டிகை கூட. ஆக, கரிக்குப் பதில் டியூபில் வரும் நீலச் சாயம், மற்றதெல்லாம் பழையபடி: தடவு, தட்டு, எடு, பார், அராவு. பட்டறையின் மூலையில் ஓய்வாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் அரத்தைக் கொடுத்தோம். அவர் அரத்தை வாங்கும் முன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்ட விதத்திலேயே வேலை முடிந்த மாதிரி இருந்தது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: முக்கால்வாசி வேலையை மெஷின் ஏற்கனவே முடித்திருந்தது. அந்தப் பெரியவரே, "இந்தப் பக்கவாட்டு முகத்தை என்னால இப்படிக் கொண்டாந்திருக்க முடியாதுங்க" என்று கீயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தோட்டத்தில் கீயை அறைந்தபோது மறுமுனையில் சம்மட்டியை அண்டக்கொடுக்கும் உத்தியோகம் எனக்கு. கணீர் வந்தது. தம்பி மகன் அதைச் செல்போனில் பதிவு செய்து, அலையின் வடிவத்தைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டான்.

இப்போது இன்ஜின் தட்டுவதில்லை. சிமெண்டு மேடை, மேலே ஷீட் கூரை, சுற்றிலும் மஞ்சள் அடித்த வலைக்கம்பி, "அருகில் வராதீர்கள்" என்ற பலகை. 21-ஆம் பிரிவும் 26-ஆம் பிரிவும் எங்கள் தோட்டத்துக்கு ஒருவழியாக வந்துசேர்ந்தன, கோவணத்தோடு நிற்க ஆளில்லாத காலத்தில். ஆயுத பூஜைக்கும் விருந்தினர் வரும்போதும் பத்து நிமிஷம் ஓடுகிறது. பெல்ட் கிடையாது, பம்ப் கிடையாது. இங்கிலாந்தில் இப்படித்தானாம்: கோடைகாலத்தில் இன்ஜின்களை டிரெய்லரில் ஏற்றிப் பொருட்காட்சிக்குக் கொண்டுபோய், பக்கத்தில் நாற்காலி போட்டு, நாள் முழுக்கச் சும்மா ஓடவிட்டு டீ குடிக்கிறார்கள். என் அப்பாரு இதைக் கேட்டிருந்தால் டீசல் யார் ஊற்றுவது என்றுதான் கேட்டிருப்பார். அந்தக் காலத்தில் ஊரே இந்தச் சத்தத்தில் தூங்கியது. இப்போது பக்கத்துக் காட்டை வாங்கி வீடு கட்டியிருக்கும் திருப்பூர்க்காரர், புகையும் சத்தமும் தாங்கவில்லை என்று தம்பியிடம் சொல்லியனுப்பினார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

வருகிறவர்கள் கீயைக் குனிந்து பார்த்து, "அந்தக் காலத்து வேலைன்னா அந்தக் காலத்து வேலைதாங்க" என்று தலையாட்டுகிறார்கள். அந்தக் காலத்து வேலை பிளாஸ்டிக் பையில் அலமாரியில் இருக்கிறது. இது போன வருஷத்து வேலை. அதைவிட நூறு மடங்கு மேல். மேஸ்திரிக்கும் இதே வேலை தெரியும். அவருக்குக் கிடைக்காதது இரண்டு நாள் அவகாசம். எங்கள் இன்ஜினுக்கு அந்த அவகாசம், செய்ய ஒரு வேலையும் இல்லாமல் போன பிறகுதான் கிடைத்தது.

உங்கள் சாளையிலும் இப்படி ஒன்று நின்றால், பழைய இரும்புக்காரர் வருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஷாப்ட்டும் பிளைவீலும் சேரும் இடத்தைத் துடைத்து, கட்டை விரல் நகத்தை வைத்து, வீலை லேசாக ஆட்டிப் பாருங்கள். செந்தூள் வந்தாலோ நகத்தில் நகர்ச்சை தெரிந்தாலோ, கீ சரியாகும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தகரம் வேண்டாம். சரியான பிறகு ஓட்டும்போது வேட்டியும் வேண்டாம்.